தோட்டா எவ்வளவு நீளம் இருக்கலாம்?

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் தோட்டாவைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புது பிரைமர், அளந்த வெடிமருந்து, வாயில் குண்டு. அந்தக் குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது? தோட்டாவின் மொத்த நீளம் அதைப் பொறுத்தது. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் நான் படித்த வரையில், இதற்கு மூன்று எல்லைகள் இருக்கின்றன.

.30-06 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். முதல் எல்லை தரநிலை: அதிகபட்சம் 3.340 அங்குலம், அதாவது சுமார் 84.8 மி.மீ. யார் செய்த தோட்டாவும் யார் செய்த ரைபிளிலும் பொருந்துவதற்காக வைத்த உச்சவரம்பு இது. இதுதான் சிறந்த நீளம் என்று அர்த்தமில்லை. இரண்டாவது எல்லை மேகசினின் உள்நீளம். மூன்றாவது, குழலுக்குள் சுழல்வரிகள் தொடங்கும் இடம். இது ரைபிளுக்கு ரைபிள் மாறும். குண்டின் வடிவமும் முக்கியம்: ஒரே நீளத்தில் கூர்மூக்குக் குண்டு வரிகளுக்கு எட்டி நிற்கும், மொண்ணை மூக்குக் குண்டு போய் முட்டிவிடும்.

குறி சுடும் போட்டிக்காரர்கள் சிலர் வேண்டுமென்றே முட்ட வைப்பார்கள். சில ரைபிள்களில் குண்டுகள் நெருக்கமாக விழும் என்பதுதான் காரணம். வேட்டைக்கு இது சரிப்படாது. முட்டி நிற்கும் குண்டு அழுத்தத்தைக் கூட்டும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்தால், குண்டு வரிகளில் சிக்கிக்கொண்டு கூடு மட்டும் வந்துவிடலாம். மருந்து போல்ட் பகுதியெங்கும் கொட்டும். அன்றைய வேட்டை அதோடு சரி.

அதனால் பலர் 0.020 அங்குலம், சுமார் அரை மி.மீ., இடைவெளியில் தொடங்குகிறார்கள். பார்ன்ஸ் நிறுவனம் தன் செப்புக் குண்டுகளுக்குச் சொல்வது 0.050 அங்குலம். சரி, இடைவெளி நல்லதுதானே என்று ரொம்ப ஆழமாக இறக்கினால் மருந்துக்கான இடம் சுருங்கி, அங்கேயும் அழுத்தம் ஏறலாம். நீளத்தை மாற்றினால் மருந்தையும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏற்றிப் பார்ப்பதுதான் முறை.

இன்னொன்று: ஈயமுனை நசுங்கும், அதனால் நுனிவரை அளந்தால் தோட்டாவுக்குத் தோட்டா கணக்கு மாறும். நுனி அளவு மேகசினுக்கு. வரிகளுக்கான இடைவெளியைக் குண்டின் வளைவிலிருந்து, கம்பாரேட்டர் வைத்து அளக்க வேண்டும்.

என் பார்வையில், மூன்று எல்லைகளில் எது குறைந்த நீளத்தைத் தருகிறதோ அதற்குள் நிற்பதே வேட்டைக்காரருக்கு நியாயம். மானின் நெஞ்சில் குறிவைக்கும் பகுதி சுமார் 8 அங்குலம். அங்கே கால் அங்குல நெருக்கம் பெரிய லாபமில்லை. முதல் குண்டு காயம் மட்டும் படுத்தியிருந்தால், இரண்டாவது தோட்டா மேகசினிலிருந்து தடங்கலில்லாமல் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் அவதிப்படப்போவது அந்த மான்தான்.