ஒரே பச்சை, இரண்டு அர்த்தம்

அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடுகின்றன. ஆகவே நம் ஊரில் வலதுபுறம் திரும்புவதில் உள்ள சிக்கல் அங்கே இடதுபுறம் திரும்புவதில் இருக்கிறது. எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே புகுந்துதான் போக வேண்டும். அந்நாட்டின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, சாலைச் சந்திப்பு விபத்துகளில் சுமார் 22 சதவீதம் இடப்பக்கம் திரும்பும்போது நேர்ந்தவை. வலப்பக்கம் திரும்பும்போது நேர்ந்தவை 1 சதவீதத்தைச் சற்றே தாண்டின. இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததும் ஓட்டுநரின் அவசரத்தையும் கவனக்குறைவையும் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அவர் தலைக்கு மேலே தொங்கும் விளக்கு அவரிடம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பார்த்தால், பழியில் ஒரு பங்கு அந்த விளக்கையும் சேரும்.

இடப்பக்கம் திரும்புகிறவருக்கு அங்கே இரண்டு விதமாக அனுமதி கிடைக்கும். பச்சை அம்பு எரிந்தால் எதிர்த்திசைக்குச் சிவப்பு, தயங்காமல் திரும்பலாம். வெறும் பச்சை வட்டம் எரிந்தால் எதிர்த்திசைக்கும் பச்சை. எதிரே வருகிறவர்களுக்கு வழி விட்டு, இடைவெளி கிடைக்கும்போதுதான் திரும்பலாம். பல சந்திப்புகளில் ஐந்து விளக்குகள் கொண்ட ஒரே பெட்டி, முதலில் அம்பு, பிறகு வட்டம் என்று இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டும். அந்தப் பச்சை வட்டம் நேராகப் போகிறவரிடம் ‘போ, வழி உன்னுடையது’ என்கிறது. திரும்புகிறவரிடம் அதே வட்டம் ‘போகலாம், ஆனால் வழி உன்னுடையதல்ல’ என்கிறது. பிறந்தது முதல் பச்சை என்றால் போ என்று பழகிய மனம், இந்த ஒரு தடத்தில் மட்டும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஓரிரு நொடிகளுக்குள்.

சட்டம் தெளிவாகத்தானே இருக்கிறது, உரிமம் வாங்கும்போதே படித்ததுதானே, போதாததற்கு ‘பச்சை வட்டத்தில் வழிவிட்டுத் திரும்பு’ என்று விளக்கின் பக்கத்திலேயே பலகையும் தொங்குகிறதே என்று கேட்கலாம். ஒரு விளக்கின் பொருளைச் சொல்லப் பக்கத்தில் ஒரு பலகை தேவைப்படுகிறது என்பதே அந்த விளக்கின் குறையைக் காட்டுகிறது. இதற்குச் சான்றும் உண்டு. தேசியக் கூட்டுறவு நெடுஞ்சாலை ஆராய்ச்சித் திட்டம் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட 493ஆம் எண் அறிக்கை, ஓட்டுநர்களிடம் பல வகை விளக்குகளைக் காட்டியும், வண்டி ஓட்டுவதுபோலவே இருக்கும் பாவனைக் கருவிகளில் (சிமுலேட்டர்) உட்கார வைத்தும் சோதித்தது. எத்தனை பேர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதோடு, எந்தப் பக்கம் தவறினார்கள் என்றும் பார்த்தது. போகலாம் என்னும் இடத்தில் ஒருவர் நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். வழிவிட வேண்டிய இடத்தில் வழி தன்னுடையது என்று நினைத்துத் திரும்பினால் உயிர் போகும். இந்த இரண்டாவது வகைத் தவறு, பச்சை வட்டத்துக்கு மாற்றாகச் சோதிக்கப்பட்ட மினுக்கும் மஞ்சள் அம்பைக் கண்டவர்களைவிடப் பச்சை வட்டத்தைக் கண்டவர்களிடமே அதிகமாக இருந்தது.

விதியை முழுவதும் அறிந்தவரையும் மாட்டிவிடும் பொறி ஒன்று உண்டு. பொறியாளர்கள் அதை ‘மஞ்சள் பொறி’ என்றே அழைக்கிறார்கள். பச்சை வட்டத்தில் சந்திப்பின் நடுவரை வந்து ஓர் ஓட்டுநர் காத்திருக்கிறார். எதிரே வண்டிகள் விடாமல் வருகின்றன. அவருடைய விளக்கு மஞ்சளாகிறது. எதிர்த்திசைக்கும் மஞ்சள் விழுந்திருக்கும், வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு ஸ்டியரிங்கை ஒடிக்கிறார். ஆனால் சிக்னல் அமைப்பின்படி எதிர்த்திசைக்குப் பச்சை இன்னும் சில நொடிகள் நீடிக்கிறது. அங்கிருந்து வருகிறவர் வேகத்தைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை. இதில் யாரும் வேண்டுமென்றே விதியை மீறவில்லை. எதிர்த்திசைக்கு என்ன விளக்கு என்பதை இவருக்கு எதுவும் சொல்லவில்லை. தன் விளக்கை வைத்து அவர் ஊகிக்க வேண்டியிருந்தது, ஊகம் தவறிவிட்டது.

மினுக்கும் மஞ்சள் அம்பு இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. திரும்பும் தடத்துக்கென்று தனிப் பெட்டி. பச்சை வட்டத்துக்கு அதில் இடமே இல்லை. வழிவிட்டுத் திரும்ப வேண்டிய நேரம் முழுதும் மஞ்சள் அம்பு மினுக்கும். அது பக்கத்துத் தடத்தின் விளக்கோடு இணைக்கப்படாமல், எதிர்த்திசையின் பச்சையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எதிரே பச்சை உள்ளவரை இதுவும் மினுக்கும். எதிரே மஞ்சள் வரும்போதுதான் இது மினுக்காமல் நின்று எரியும். மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2006இல் இதற்கு இடைக்கால ஒப்புதல் அளித்தது. 2009இல் நாடு முழுவதற்குமான சாலைக் குறியீட்டுக் கையேட்டில் இது இடம் பெற்றது. அதே கையேடு பச்சை வட்டத்தையும் தொடர்ந்து அனுமதித்தது எனக்கு உடன்பாடில்லை. குறை தெரிந்த ஒரு விளக்கை, செலவைக் கருதிச் சில காலம் விட்டுவைக்கலாம். புதிய சந்திப்பில் அதை மாட்ட நியாயமே இல்லை.

எதற்கு இந்த மினுக்கல், எல்லா இடத்திலும் பச்சை அம்பு மட்டும் போதாதா என்று கேட்பவர்களின் வாதம் வலுவானது. எதிரே வண்டியே இல்லாத நள்ளிரவிலும் சிவப்பு அம்பின் முன் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு தனி அம்பும் மற்ற திசைகளின் நேரத்தைத் தின்னும் என்பது பொறியாளர்களின் பதில். சிறிய சந்திப்புகளுக்கு அது பொருந்தும். ஆனால் களத்தில் கிடைத்த விபத்துக் கணக்குகள் ஓர் எச்சரிக்கையைத் தருகின்றன. பச்சை வட்டம் இருந்த இடத்தில் மினுக்கும் அம்பை வைத்தபோது திரும்பும் விபத்துகள் குறைந்தன. தனிப் பச்சை அம்பு மட்டுமே இருந்த இடத்தில் வைத்தபோது கூடின. விளக்கு சொல்வது புரிந்தாலும், எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் கண்ணால் அளப்பது கடினமாகவே இருக்கிறது, வயதானவர்களுக்கு இன்னும் கடினம். வேகம் கூடிய, பல தடங்கள் கொண்ட சாலையில் அந்த வேலையை ஓட்டுநரிடம் விடக்கூடாது.

இதில் அதிகம் மறக்கப்படுபவர் நடந்து போகிறவர். திரும்புகிறவர் எதிரே இடைவெளி தேடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அவர் நுழையப்போகும் சாலையைக் கடக்க மக்களுக்கும் அனுமதி உண்டு. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாவனைக் கருவியில் ஓட்டுநர்களின் பார்வை போகும் இடத்தைப் பதிவு செய்தபோது, சிலர் நடப்பவர் இருக்கும் பக்கம் கண்ணைத் திருப்பாமலே திரும்பியது தெரிந்தது. இதற்குத் தீர்வு அதே பெட்டியிலேயே இருக்கிறது: நடப்பவர் பொத்தானை அழுத்தினால், அவர் கடந்து முடியும்வரை மினுக்கும் அம்பை நிறுத்திச் சிவப்பு அம்பையே காட்டும்படி கட்டுப்பாட்டுக் கருவியில் அமைக்கலாம். சில ஊர்களில் அப்படி அமைத்தும் இருக்கிறார்கள்.