கூச்சம் வேண்டாம் அம்மா

"வயது அறுபது ஆகிவிட்டது. பிள்ளைகளும் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். இனி நமக்கு என்ன வேலை? ஜெபம் செய்துகொண்டு ஒரு மூலையில் இருக்க வேண்டியதுதான்."

பல அம்மாக்கள் இப்படிச் சொல்கிறார்கள். உடம்புக்கு ஏதாவது வந்தாலும் வெளியே சொல்வதில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகிறார்கள். இது சரியா? சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியின் கதையைப் பார்ப்போம்.

மூன்று பெண்கள்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர். இவர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய அப்பா மிஷன் டாக்டர். ஐடா இளம்பெண்ணாக இருந்தபோது பெற்றோருடன் திண்டிவனத்தில் தங்கியிருந்தார்.

ஒருநாள் இரவு மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூன்று வீட்டிலும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. ஐடாவை வரும்படி கெஞ்சினார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அப்பா வரத் தயாராக இருந்தார். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அந்த மரணங்கள் ஐடாவின் மனதை மாற்றின. அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்தார். 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அப்போது வேலூரும் சித்தூரும் ஒரே வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1918இல் பெண்களுக்காக மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

எழுபது வயதில்

பிறகு அந்தப் பள்ளியைக் கல்லூரியாக உயர்த்த வேண்டிய நிலை வந்தது. அதற்கு நிறையப் பணம் தேவை. 1941இல் ஐடாவுக்கு 70 வயது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. அந்த வயதில் அமெரிக்கா போனார். ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். 1946இல்தான் ஓய்வு பெற்றார். 1960இல், 89 வயதில், கொடைக்கானலில் காலமானார்.

ஐடா பக்தி மிகுந்தவர். ஜெபமும் செய்தார். மருந்தும் கொடுத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை இல்லை.

கூச்சம் உயிருக்கு ஆபத்து

இன்று பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறோம். ஆனால் வயதான பெண்களின் கூச்சம் இன்னும் போகவில்லை. கீழே உள்ளவற்றை மறைக்காதீர்கள்.

மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு மறுபடி ரத்தம் பட்டால், உடனே டாக்டரிடம் போங்கள். கொஞ்சமாகப் பட்டாலும் போங்கள்.

மார்பில் கட்டி இருந்தால், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணமாக வாய்ப்பு அதிகம்.

இருமும்போது சிறுநீர் சொட்டுகிறதா? கர்ப்பப்பை கீழே இறங்குகிறதா? இதற்கும் வைத்தியம் உண்டு. பெண் டாக்டர் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

உபவாசம் இருப்பவர்களுக்கு

லெந்து நாட்களில் பலர் உபவாசம் இருப்பார்கள். சர்க்கரை நோய் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். மயக்கம் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து. உபவாசம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

உங்களால் முடியும்

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். மாத்திரை அட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். படிக்கத் தெரியாத அண்டை வீட்டுப் பாட்டிக்கும் பார்த்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகப் பயப்படும் ஒருவருடன் துணைக்குப் போங்கள். சபையின் பெண்கள் கூட்டத்தில் உடல்நலம் பற்றியும் பேசுங்கள். மாதம் ஒருமுறை நர்சை அழைத்து, எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவும் ஊழியம்தான். இதற்கு வயது தடை இல்லை.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் நோயை மறைத்து வைத்திருக்கும் அம்மா யாராவது இருக்கிறார்களா?
2. அவருடைய கூச்சம் போக நீங்கள் என்ன செய்யலாம்?