கைத்தடி: பிடி முதல் பூண் வரை

பழம்பொருளும் ஏலமும் – 11

கைத்தடிக்கு இரண்டு வேலைகள் உண்டு. தளர்ந்த காலுக்குத் துணையாவது ஒன்று. பிடித்தவரின் தகுதியை ஊருக்குச் சொல்வது மற்றொன்று. முதல் வேலைக்கு வாங்கிய தடி தேய்ந்து, ஒடிந்து, கடைசியில் அடுப்புக்குப் போகும். இரண்டாவது வேலைக்கு வாங்கியது பீரோவில் துணி சுற்றிக் கிடந்து, மூன்றாம் தலைமுறையில் ஏலத்துக்கு வரும். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்து மன்னன் துட்டன்காமுனின் கல்லறையில் சுமார் 130 கைத்தடிகள் இருந்தன. மன்னர்களிடமிருந்து இந்த வழக்கம் பிரபுக்களுக்கும், பிறகு நகரத்துக் கனவான்களுக்கும் பரவியது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் தொப்பியைப் போலவே கைத்தடியும் உடையின் ஒரு பகுதி ஆயிற்று. ஆங்கிலேயரோடு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

சேலம் சமவெளிக்கு வந்த வழி

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகால் பகுதியும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறின. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்தை ஏற்றார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாக இருந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலங்கள் மிட்டா எனப்படும் சிறு ஜமீன்களாகப் பிரித்து விற்கப்பட்டன. வாங்கியவர்கள் மிட்டாதார்கள் ஆனார்கள். ஏற்காட்டில், 1820களில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டத் துரைமார்கள் அங்கே பங்களா கட்டிக் குடியேறினர். சேலம் நீதிமன்றங்களைச் சுற்றி வக்கீல் வர்க்கம் ஒன்று வளர்ந்தது. சி. விஜயராகவாச்சாரியாரும் ராஜாஜியும் அதிலிருந்து எழுந்தவர்கள்.

திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். அவர் மகன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதி. அவரைப் போன்ற படை அதிகாரிகள் அக்குளில் இடுக்கிச் செல்லும் குட்டைப் பிரம்பு தனி வகை. அதன் வெள்ளித் தலையில் படைப்பிரிவின் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். உலகச் சந்தையில் அதை மட்டுமே சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு பழைய கைத்தடி கிடைத்தால், அது மிட்டாதார், தோட்டத் துரை, வக்கீல், படை அதிகாரி ஆகிய நால்வரில் ஒருவருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1948இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் மிட்டாக்களை முடித்து வைத்தது. பெரிய வீடுகள் பங்கு பிரிந்தன; சாமான்கள் சிதறின. நிலத்துக்குப் பத்திரம் இருந்தது, நகைக்கு எடை இருந்தது. கைத்தடிக்கு இரண்டும் இல்லாததால் அது யாருடையது என்பதே மறந்து போயிற்று.

நான்கு பாகங்கள்

பிடி, கழுத்துப் பட்டை, தண்டு, அடிப்பூண் என்று கைத்தடியை நான்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதிதாக வாங்குபவர் பிடியைப் பார்ப்பார்; பழகியவர் முதலில் தடியைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பூணைப் பார்ப்பார்.

அடிப்பூண் காலத்தைச் சொல்லும். மண் சாலைக் காலத்து ஐரோப்பியத் தடிகளுக்கு நான்கு விரற்கடைக்கு மேல் நீளமான பித்தளைப் பூண் போட்டு, நுனியில் இரும்பு வைத்தார்கள். சாலைகள் திருந்தியதும் பூண் ஒரு அங்குல அளவுக்குக் குறைந்தது. தண்டு பழையதாகவும் பூண் புதிதாகவும் இருந்தால் தடி அறுக்கப்பட்டிருக்கலாம். முழுத் தடியின் நீளம் பொதுவாக 34 முதல் 36 அங்குலம். அதைவிடக் கணிசமாகக் குறைந்த தடி, குட்டையான ஒருவருக்காகப் பின்னாளில் வெட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். வெட்டப்பட்ட தடிக்கு மதிப்புக் குறைவு.

தண்டுகளில் பேர்பெற்றது மலாக்காப் பிரம்பு. சுமத்ரா, மலாய்ப் பகுதிக் காடுகளில் வளர்வது. கணுவே தெரியாமல் ஒரே ஓட்டமாக இருப்பது உயர்ந்த ரகம். ஒரு பக்கம் நெடுக மெல்லிய முதுகு ஓடும். வண்ணம் பூசிய சாதாரண மரத்தில் அந்த முதுகு இருக்காது. உள்நாட்டுத் தடிகளில் கருங்காலி, ஈட்டி, சந்தனம், பனை வைரம், கல்மூங்கில் ஆகியவை உண்டு. பனை வைரத்தில் கறுப்பு நார்கள் கோடு கோடாக ஓடும். கல்மூங்கில் ஏறக்குறைய உள்கூடு இல்லாதது. சிலம்பக் கம்புக்கும் அதுவே.

கழுத்துப் பட்டை பிடியும் தண்டும் சேரும் இடத்தை மறைக்கிறது. அதனால் மோசடியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு தடியின் பிடியை இன்னொன்றின் தண்டில் மாட்டி, பட்டையால் மூடி விற்பது பழைய வித்தை. பட்டைக்கு மேலும் கீழும் தேய்மானம் ஒரே அளவில் இருக்கிறதா, பிடியின் பருமனும் தண்டின் பருமனும் இயல்பாக இழைகின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும்.

வெள்ளிப் பிடிகளில் பெரும்பாலானவை உள்கூடானவை. மெல்லிய தகட்டை அடித்து உருவம் எடுத்து, உள்ளே அரக்கு போன்ற பசையால் நிரப்பியிருப்பார்கள். எனவே தூக்கிப் பார்த்து வெள்ளியை மதிப்பிட முடியாது. பிரிட்டனில் செய்த வெள்ளியில் நடக்கும் சிங்கம் தரத்தைக் காட்டும். சிறுத்தைத் தலை லண்டனையும் நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும். ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். இந்தியாவில் அந்நாளில் அப்படிக் கட்டாய முத்திரை இல்லை. சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பொறித்தன. தெய்வ உருவங்களை அடித்தெடுத்த சென்னை வெள்ளி வேலையை வெளிநாட்டார் ‘சுவாமி வெள்ளி’ என்றே அழைக்கிறார்கள். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் பழைய வெள்ளியைக் கண்டதும் தராசைத் தேடுவது இயல்பு. ஆனால் பிடியைக் கழற்றி எடைக்குப் போட்டால் கிடைப்பது சில தோலா வெள்ளியின் விலை மட்டுமே; தடி அத்தோடு அழிந்துபோகும்.

பெயர் பொறித்த தடி

பிடியிலோ பட்டையிலோ பெயர் இருந்தால் அது தடியின் பிறப்புச் சான்றிதழ். ‘ராவ் பகதூர்’, ‘திவான் பகதூர்’ என்ற பட்டம் பெயரோடு சேர்ந்திருந்தால் அந்தப் பொறிப்பு 1947க்கு முற்பட்டது என்று கொள்ளலாம். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாடு கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றியது. ஆங்கில அரசு தந்த பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரையின் தீர்மானமும் அங்கேதான் நிறைவேறியது. பட்டமும் வெள்ளிப் பிடியும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை; அந்த உலகம் மங்கத் தொடங்கிய இடங்களில் சேலமும் ஒன்று.

அதற்குப் பின் மக்கள் மனத்தில் நின்றவை அலங்காரமற்ற தடிகள்: ஈரோட்டுப் பெரியாரின் கைத்தடி, காந்தியின் மூங்கில் கோல். தண்டி யாத்திரையில் காந்தி பிடித்த கோல் மஞ்சேஸ்வரம் கோவிந்த பை என்ற கன்னடக் கவிஞரிடமிருந்து காகா காலேல்கர் வழியாக அவர் கைக்கு வந்தது. கை மாறிய வரிசை தெரிவதே அதன் மதிப்பு. 2009 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் ஆகியவை சேர்ந்து 18 லட்சம் டாலருக்குப் போயின. பொருள்கள் எளியவை, விலை பெற்றது சான்று.

சட்டம் முதலில்

விலை பேசுமுன் நான்கு சட்ட விஷயங்களைத் தெரிந்துகொள்வது கட்டாயம்.

முதலாவது தந்தம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1986இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தையும், 1991இல் வந்த திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வணிகத்தையும் தடை செய்தன. தடி எத்தனை பழையதானாலும் விலக்கு இல்லை. வீட்டில் வழிவழியாக இருப்பதற்கு உரிமைச் சான்றிதழ் தேவை. அது இருந்தாலும் விற்க முடியாது. கடமான் கொம்புப் பிடிகளையும் வாங்கவோ விற்கவோ கூடாது. பிடி தந்தம்தானா என்று அறிய வழி உண்டு: தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். எலும்பில் சிறு கரும்புள்ளிகள் இருக்கும். செல்லுலாய்டில் கோடுகள் ஒரே சீராக ஓடும். பூதக்கண்ணாடி போதும், ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்ப்பது பொருளைக் கெடுக்கும்.

இரண்டாவது, உள்ளே வாள் மறைத்த தடி. வட இந்தியாவில் இதைக் குப்தி என்பார்கள். ஆயுத விதிகள் வாள் வகையில் இதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. பிடியைத் திருகினால் கழன்று வருகிறதா என்று வாங்குமுன் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, வயது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள். அதை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை.

நான்காவது, வெளிநாட்டு ஏலம். தந்த வணிகத்தைத் தடை செய்யும் பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கு சில விலக்குகள் உண்டு. அங்கே சட்டப்படி வாங்கிய தந்தப் பிடியானாலும் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது.

ஏலம் கேட்கும் முறை

சேலம், நாமக்கல் மக்களுக்கு ஏலம் புதிதல்ல. திருச்செங்கோட்டில் மஞ்சளும் பருத்தியும் கூட்டுறவுச் சங்க ஏலத்தில்தான் விலை பெறுகின்றன. மூட்டையைப் பிரித்து, பிடி அள்ளிப் பார்த்துவிட்டே வியாபாரி விலை எழுதுகிறார். கைத்தடிக்கும் அதே ஒழுங்குதான்: பார்வை நாளில் கையில் எடுத்துப் பார்க்காத தடியை ஏலம் கேட்கக் கூடாது.

அமெரிக்காவில் கைத்தடிக்கென்றே தனி ஏலங்கள் நடந்து வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அவை வீட்டுச் சாமான்களோடு கலந்தே வரும். சென்னையில் பெரிய வீட்டுச் சாமான் ஏலங்களுக்குப் பேர்பெற்றது மர்ரே அண்ட் கம்பெனி. அதை நடத்திய மர்ரே எஸ். ராஜம்தான் சங்க இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகளாகத் தந்தவர். ஏலத்துக்கு அப்பால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் தடிகள் கிடைக்கும்.

ஏலத்தில் பொருள் ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படும். சுத்தியல் விழுந்த பின் குறை சொல்ல இடமில்லை. கேட்ட விலைக்கு மேல் நிறுவனத்தின் கமிஷனும் வரியும் சேரும். எனவே எல்லாம் சேர்த்து எவ்வளவு வரை போகலாம் என்பதை முன்பே தாளில் எழுதிவைத்து, ‘இரண்டு தரம்’ என்ற குரல் கேட்டாலும் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பதே முறை. ரசீதில் பொருளின் விவரம், மூலப்பொருள், யார் வீட்டிலிருந்து வந்தது என்பது எழுதப்பட வேண்டும்.

பாதுகாப்பு

சமவெளியின் கோடை வெப்பத்தில் மரம் சுருங்கி வெடிக்கும், பட்டை தளரும். நேர் வெயில் படாத சுவரில், தரையைத் தொடாமல் தடியை வைக்க வேண்டும். தரையில் சாய்த்தால் கரையான் ஏறும். வார்னிஷ் அடிப்பது நூறாண்டு கைபட்டு ஏறிய மெருகை அழிக்கும். மெல்லிய மெழுகுத் தடவலே போதும். வெள்ளியை அடிக்கடி தேய்த்தால் முத்திரைகள் மழுங்கிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய பாதுகாப்பு ஒரு துண்டுத் தாள். தடியை வைத்திருந்தவர் பெயர், ஊர், என்ன வேலை பார்த்தார், யார் கைக்கு எப்போது வந்தது என்ற நான்கு வரிகளை எழுதி, தடியைப் பிடித்தபடி அவர் நிற்கும் படம் இருந்தால் அதையும் சேர்த்து வைக்க வேண்டும். வீட்டில் பழைய கைத்தடி உள்ளவர்கள், அதன் கதை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளியை எப்போது வேண்டுமானாலும் எடை போடலாம். அந்த நான்கு வரிகளைப் பிறகு எந்த ஏலத்திலும் வாங்க முடியாது.

(தொடரும்)