கூலிக் கணக்கு – 11: இறங்க மறுக்கும் வெப்பமானி

ஸ்டாப்வாட்ச் பிடித்தவர் அடிப்படை நேரம் கண்டுபிடித்த கதை போன வாரமே முடிந்தது. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் திருநெல்வேலிப் பேட்டையின் பீடித் தட்டு என்று சொல்லியிருந்தேன். சொன்னது சொன்னதுதான், ஆனால் நடுவில் ஒரு வெப்பமானி வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் கணக்கு. ஒரு உருப்படிக்கு அடிப்படை நேரம் 10 நிமிடம், ஷிப்டு 480 நிமிடம், நாள் கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 48 உருப்படி, ஒன்றுக்கு 10 ரூபாய். இப்படி வகுக்கிற முதலாளி ஆளை மோட்டார் என்று நினைத்துவிட்டார். மனுஷருக்குத் தண்ணீர் தவிக்கும், ஒதுங்கப் போக வேண்டும், கை சோரும். அதற்காக 15 சதவீதம் அலவன்ஸ் சேர்த்தால் உருப்படிக்கு 11½ நிமிடம். ஒரு நாளில் 42கூடத் தேறாது; ஒன்றுக்குக் கூலி 11 ரூபாய் 50 காசு. ஓய்வு என்பது இனாம் இல்லை, அந்த உருப்படி செய்வதற்கு ஆகிற நேரத்தில் ஒரு பகுதி. பீஸ் ரேட் பேசும்போது இந்த ஒன்றரை ரூபாயைத்தான் முதலில் விழுங்குவார்கள்.

15 எங்கிருந்து வந்தது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1957இல் வெளியிட்டு, பிறகு பலமுறை திருத்திய வேலை ஆய்வுக் கையேட்டில் ஒரு மாதிரி அட்டவணை உண்டு. சொந்தத் தேவைக்கு ஆணுக்கு 5, பெண்ணுக்கு 7. அடிப்படைக் களைப்புக்கு இருவருக்கும் 4. நின்று வேலை பார்த்தால் ஆணுக்கு 2, பெண்ணுக்கு 4. நிற்கிற பெண்ணுக்குக் கூட்டிப் பாருங்கள், 15. கழிப்பறை எவ்வளவு தூரம் என்று மட்டும் அட்டவணை கேட்பதில்லை. கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது 2021இல்தான். அதுவரை சென்னை ஜவுளிக்கடைகளில் நின்றே கால் வீங்கிய நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த 4 எந்தக் கணக்கிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

அதே அட்டவணையில் வெக்கைக்கும் ஒரு வரி இருக்கிறது. அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பேட்டையில் கூட்டுறவு நூற்பாலை ஓடிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று காய்ந்தால் இழை அறும். ஆகவே மில்லுக்குள் ஈரம் ஏற்றுவார்கள். நூலுக்குச் சுகமான காற்று, ஆளுக்குப் புழுக்கம். ரிங் பிரேம்களுக்கு நடுவே சைடர் நடந்துகொண்டே இருப்பார். ஓர் இழை அறுந்தால் முழங்காலால் பிரேக்கை அழுத்தி ஸ்பிண்டிலை நிறுத்தி, பாபினில் நுனியைத் தேடி, டிராவலரில் கோத்து, ரோலர் வாயில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். முழு நைட்டிலும் இதே வேலைதான். இந்தப் புழுக்கத்துக்கு எத்தனை சதவீதம் போடுவது?

அட்டவணை சொல்கிற கருவியின் பெயர் கட்டா வெப்பமானி. லண்டனில் உடலியல் ஆய்வாளராக இருந்த லியனார்டு ஹில் உருவாக்கியது. மற்ற வெப்பமானிகள் எவ்வளவு சூடு என்று சொல்லும். இது, சூடான உடம்பு எவ்வளவு வேகமாக ஆறும் என்று சொல்லும். பெரிய குமிழை வெந்நீரில் முக்கி, துடைத்து, வேலை நடக்கிற இடத்தில் தொங்கவிட வேண்டும். 100 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து 95க்கு இறங்க எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் அதன் தண்டிலேயே ஓர் எண் பொறித்திருக்கும். அது 480 என்றால், ஒரு நிமிடத்தில் இறங்கியதும் 480ஐ 60ஆல் வகுத்து 8 என்பார்கள்; அலவன்ஸ் 10 சதவீதம். இரண்டு நிமிடம் பிடித்தால் 4, அலவன்ஸ் 45. நான்கு நிமிடம் என்றால் 2, அலவன்ஸ் 100. அதாவது ஒரு மணி வேலைக்கு ஒரு மணி ஓய்வு! இதைச் சொன்னது சங்கத்துத் தலைவர் இல்லை ஐயா, நிர்வாகத்துக்காக எழுதின கையேடு.

இன்னொரு சங்கதியையும் சொல்லாமல் விட மனசில்லை. இந்த ஹில்லின் மகன் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில், லங்காஷயர் நூற்பாலைத் தொழிலாளர்களின் நோய்க் கணக்கை 1930இல் எழுதியவர். ரிச்சர்டு டாலுடன் சேர்ந்து, புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் எண்களால் காட்டியவரும் அவரே. அப்பா வெக்கையை அளந்தார், மகன் புகையை எண்ணினார். மில்லும் பீடியும் சேர்ந்த பேட்டைக்கு இந்தக் குடும்பம் தூரத்து உறவு என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி விஷயம். 95 டிகிரி என்றால் நம் கணக்கில் 35 செல்சியஸ். மே மாதத் திருநெல்வேலி மத்தியானம் 38, 39 என்று போகும். சுற்றியுள்ள காற்றே 35ஐத் தாண்டிவிட்டால் அந்த வெப்பமானி எப்படி இறங்கும்? நாள் முழுக்கத் தொங்கினாலும் இறங்காது. வெப்ப நாடுகளுக்கென்று 130இலிருந்து 125க்கு இறங்கும் வகையைப் பிறகு செய்தார்கள். குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் முறையும் உண்டு. வியர்வை காயும் வேகம் அதில் தெரியும். ஆனால் பாடப்புத்தகங்களில் நாம் படியெடுத்துக்கொண்ட அட்டவணை 2 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே நம் ஊர் மத்தியானம் இருக்கிறது, அதற்கு வரி இல்லை. குளிர் தேசத்துக் கருவியால் தாமிரபரணிக் கரையின் களைப்பை அளந்தால் கணக்கு தொழிலாளிக்கு எதிராகத்தான் முடியும் என்பது என் கட்சி.

பீடிக்கு இடம் இல்லாமல் போயிற்று. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன். 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி இடைவேளை என்று எழுதியது தொழிற்கூடத்துக்கு. வீட்டில் தட்டை மடியில் வைத்துச் சுற்றுகிற பெண்ணுக்கு 1000 பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்குள்ளேயே முதுகுவலியும் அடக்கம். இலை நனைக்கிற, வெட்டுகிற நேரமும், கடையில் வரிசையில் நிற்கிற நேரமும் அதற்குள்தான்.

அடுத்த வாரம் அதைப் பிரிப்போம். பேட்டை மில்லில் சைடராக, டாஃபராக இருந்தவர்கள், டிபார்ட்மெண்டில் ஈரமானி தொங்கியதா, யார் எப்போது பார்த்துக் குறித்தார்கள் என்று எழுதுங்கள். பீடி சுற்றுகிற அக்காமார், 1000 சுற்ற ஆகும் நேரத்தை இலை நனைப்பதிலிருந்து தொடங்கி எழுதுங்கள்.