வேருக்குள் ஒரு தண்டு

வேர்ச் சிகிச்சை செய்த பல்லின் வேருக்குள் 'போஸ்ட்' என்னும் தண்டை இறக்கிவிட்டால் பல் இரும்பாகிவிடும் என்றொரு பிரமை ஜனங்களிடையே நிலவுகிறது. நரம்பெடுத்த பல் பலவீனமாவதற்குக் காரணம், சொத்தையும் அதைச் சுரண்டியெடுத்த பள்ளமும் சேர்ந்து பல்லின் பெரும்பாகத்தைத் தின்றுவிட்டதேயாகும். அப்படித் தேய்ந்த பல்லின்மேல் கேப் மாட்டுவதற்கு நடுவே ஒரு மேடு கட்டியாக வேண்டும். அந்த மேடு கழன்று விழாமல் பிடித்துக்கொள்வதொன்றே போஸ்டின் உத்தியோகம். வேரைப் பலப்படுத்தும் சக்தி அதற்குக் கிடையாது. மேற்பாகம் ஓரளவு மிஞ்சியுள்ள கடைவாய்ப் பற்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படுவதே இல்லை.

உபாயம் பழையதுதான். பாரிஸ் தந்த வைத்தியர் பியேர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட நூலிலேயே, உலோகத் தண்டை வேரில் செருகிப் பல்லை நிறுத்தும் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. மரத்தண்டையும் ஒரு காலத்தில் பயன்படுத்தினார்கள். எச்சிலில் ஊறிப் பருத்து அது இறுகப் பிடித்தது வாஸ்தவமே, ஆனால் சில சமயம் வேரையும் பிளந்துவிட்டது.

பிற்காலத்து எஃகுத் தண்டிலும் அந்த அபாயம் வேறு ரூபத்தில் தொடர்ந்தது. பல்லின் உட்திசுவைக் காட்டிலும் எஃகு சுமார் பத்து மடங்கு விறைப்பானது. மெல்லும்போது பல் சற்றே வளைய, தண்டு வளைய மறுப்பதால், விசை ஓரிடத்தில் குவிந்து வேர் நெடுக விரிசல் காணக்கூடும். விரிசல் கண்ட வேருக்குப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர அநேகமாக வேறு பரிகாரம் இல்லை. 1990-ஐ ஒட்டிப் பிரான்ஸில் கார்பன் நார்த் தண்டும், அதன் கறுப்பு வெளியே தெரிந்ததால் பின்னர் கண்ணாடி நார்த் தண்டும் வந்தன. இவை பல்லோடு ஓரளவு இசைந்து வளைகின்றன; பழுதுபட்டாலும் பெரும்பாலும் ஒட்டு விட்டுப்போகிறதேயொழிய வேர் உடைவதில்லை.

வைக்கும் விதத்தில்தான் வைத்தியரின் கைத்திறமை தெரியும். வேரை நிரப்பியிருக்கும் கட்டாபெர்ச்சாவை (மலாய்க் காட்டு மரத்தின் பால் நம் வாய்க்குள் வந்து சேர்ந்திருக்கிறது!) மேலிருந்து கடைந்தெடுக்கும்போது, நுனியில் நான்கைந்து மில்லிமீட்டரைத் தொடாமல் விட வேண்டும், தொட்டால் கிருமிக்கு வழி திறந்துவிடும். ஆழம் சரிதானா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும்.

இத்தனைக்கும் மேலாக, ஈறுக்கு மேல் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல் மிஞ்சியிருக்க வேண்டும். உலக்கையைப் பூண் இறுக்குவதுபோல் கேப் அதைச் சுற்றி இறுக்கினால்தான் வேர் பிளவுபடாமல் நிற்கும். ஆகவே, வைத்தியரிடம் எந்தக் கம்பெனிப் போஸ்ட் என்று விசாரிப்பதற்கு முன், என் பல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேளுங்கள்.