விளையாட்டே தொழிலாக

"விளையாட்டு வினையாகும்" என்பது பெரியோர் வழக்கு. இளைஞரை எச்சரித்தற்கு எழுந்த அம்மொழியைச் சிறிது திருப்பி, விளையாட்டே ஒருவனுக்குச் செய்வினையாக, அஃதாவது வயிற்றுக்குச் சோறிடும் தொழிலாக ஆகுமோ என்று வினவும் காலம் இது. இவ்வினா எமக்கு எழுந்த இடம் அத்திப்பட்டு. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டிகளும், துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் வரிசையுமே அவ்வூரின் அடையாளங்கள். அங்கிருந்து எம்முடன் நாடோறும் மின்சார இரயிலிற் போந்து கல்லூரி பயிலும் தோழர் ஒருவர், வீடியோ விளையாட்டு இயற்றுதலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளக் கருதினார். அவர் தந்தையாரோ நிலக்கரிக் களத்தில் ஒப்பந்தக் கூலியாளர். ஒரு ஞாயிறன்று யாம் அவர் இல்லம் சென்றிருந்தபோது பெரியவர் எம்மை நோக்கி, "தம்பி, நீ தமிழ் படிக்கிற பிள்ளை, பொய் சொல்லமாட்டாய். இவன் சொல்கிற வேலையில் சோறு உண்டா, இல்லையா?" என்று வினவினார். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பின்னர் யாம் தேடியறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் இத்தொழிலின் இயல்பு யாதெனக் காண்பாம். திரையில் ஓவியம் அசைதல் திரைப்படத்துக்கும் உண்டு. ஆடுவோன் ஒன்று செய்ய, அதற்கு விளையாட்டு விடையிறுத்தலே இதன் உயிர். அவ்விடையை முன்னரே வகுத்து வைப்பன விதிகள். செய்யுள் பயில்வார்க்கு இது புதிதன்று. வெண்பாவின் ஈற்றடி முச்சீராதல் வேண்டும்; ஏனையடிகள் நாற்சீராதல் வேண்டும்; வெண்டளை பிறழலாகாது; நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றான் முடிதல் வேண்டும். இக்கட்டுக்கள் புலவன் கையைப் பிணிப்பனபோலத் தோன்றினும், செய்யுளின்பம் பிறக்கும் வாயில் அவையே. விளையாட்டின் விதியை வகுப்போனும் ஒருவகையில் யாப்பிலக்கணம் செய்வோனே. விதியை வகுப்போர், அதனைக் கணினிக்கு நிரலாக எழுதுவோர், ஓவியம் வரைவோர், ஒலி அமைப்போர், உரையாடல் எழுதுவோர், பிழை தேர்வோர் எனப் பலர் கூடியே இது முற்றுப்பெறும்.

வெண்பாவை எடுத்துக்காட்டியது வெறும் உவமைக்காக அன்று. 'வெண்பா' என்னும் பெயரே பூண்ட விளையாட்டொன்று 2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31 ஆம் நாள் வெளிவந்தது. கானடா நாட்டு டொரான்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழுவினர் இயற்றியது அது. 1988 இல் தமிழகத்தினின்றும் அந்நாட்டிற் குடியேறிய வெண்பா என்னும் பெண், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோர் கதை அது. போர் இல்லை, ஓட்டம் இல்லை. ஆடுவோன் செய்யவேண்டுவது சமையல். தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்து, வரிகள் அழிந்து கிடக்கின்றது. அழிந்தவற்றை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் ஆக்குதல் வேண்டும். சிதைந்த ஏட்டினின்று பாடம் தேறுதல் என்று இதனைக் கூறின், ஏட்டுச்சுவடி பயில்வோர் புன்முறுவல் பூப்பர். இவ்விளையாட்டு 2024 இல் சுதந்திர விளையாட்டு விழாவின் தலைப் பரிசையும், பிரித்தானியத் திரைக்கழகமாகிய பாப்டாவின் முதற்படைப்புக்கான விருதையும் பெற்றது. இட்டலித் தட்டு அடுக்கும் முறை உலகோர் மெச்சும் விளையாட்டாகும் என்று நம் பாட்டிமாரிடம் முன்பு கூறியிருப்பின் நகைத்திருப்பர்.

இந்திய நாட்டிலும் இத்தொழில் நேற்று முளைத்ததன்று. பெங்களூரில் துருவா என்னும் நிறுவனம் 1997 இல் தொடங்கப்பெற்றது. 2019 இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. புனே நகரில் யூபிசாப்ட் நிறுவனத்துக்குக் கிளை உண்டு. இத்தகைய இடங்களில் அயல்நாட்டு விளையாட்டுக்களுக்கு ஓவியம் வரைதலும் பிழை தேர்தலுமே நெடுங்காலம் பெரும்பணியாக இருந்துவந்தன. தாமே கதை புனைந்து வெளியிட்டோரும் உளர்: புனேயைச் சார்ந்த நாடிங் ஹெட்ஸ் குழுவினர் 2017 இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று எய்தாது போயினும், 2020 இல் 'ராஜி' என்னும் விளையாட்டை முடித்தே வெளியிட்டனர்.

நிற்க. தொடங்குவது எங்ஙனம்? கருவிகளுக்குப் பொருள் வேண்டுவதில்லை. கோடோ என்னும் விளையாட்டியற்றும் மென்பொருளும், முப்பரிமாண உருவம் சமைக்கும் பிளெண்டரும் விலையின்றியே கிடைக்கின்றன. ஸ்டீம் என்னும் இணையக் கடையில் ஒரு விளையாட்டை வைப்பதற்கு நூறு டாலர் கட்டணம் உண்டு. இட்ச் தளத்தில் அதுவும் இல்லை. 2009 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் உலக விளையாட்டு ஜாமில், குறுகிய கால எல்லைக்குள் சிறு விளையாட்டொன்றை முடித்துக் காட்டலாம். முடித்தல் என்னும் சொல்லை அழுத்தியே எழுதுகின்றோம். முடியாத காவியம் பத்தினும் முடிந்த குறுவிளையாட்டு ஒன்றே வேலை தருவோர் கண்ணிற் படும். முறையாகக் கற்க விழைவோர்க்குத் தேசிய வடிவமைப்புக் கழகத்தின் பெங்களூர் வளாகத்தில் இதற்கென முதுநிலைப் படிப்பு உண்டு. இலக்கக்கணக்கில் ரூபாய் கேட்டு, "வேலை உறுதி" என்று விளம்பரம் செய்த ஒரு பயிலகத்துக்கும் தோழர் சென்று வந்தார். அங்குப் பயின்றோர் முடித்த விளையாட்டு ஒன்றைக் காட்டுமாறு கேட்டபோது காட்டுவாரில்லை. பணம் தப்பியது.

பின்னர்த் தோழர் தாமே ஒன்று இயற்றினார். உரையாடல் எழுதும் பணி எம்முடையது. கரிவண்டிக்கு வழிவிட்டு எம் இரயில் நின்றுகிடக்கும் அன்றாடத் துன்பமே பொருள். ஆடுவோன் கேட் காப்பாளனாகி, சரக்கு வண்டியும் பயணிகள் வண்டியும் வீதியில் நிற்கும் ஆட்டோவும் காக்கவேண்டிய நேரத்தைச் சமன் செய்தல் வேண்டும். பழைய கணினியாதலின் கோடோவின் பழைய பதிப்பையே கைக்கொண்டோம். அதிலே தமிழ் எழுத்துச் சிதைந்தது: கொம்பு எழுத்துக்கு முன் நில்லாது பின் சென்று நின்றது! யாம் எழுதிய உரையாடல் முழுதும் படிக்கலாகாது போயிற்று. 2023 இல் வந்த நான்காம் பதிப்பில் இக்குறை நீங்கியதென அறிந்து, மற்றொருவர் கணினியை இரவல் பெற்று மீளச் செய்தோம். மூன்று திங்கள் கழிந்தன. முதலில் ஆடிய பத்து வயதுச் சிறுவன் இரண்டு மணித்துளியிற் கைவிட்டான். கேட்டை இறக்கும் நெம்புகோலை அவன் காணவே இல்லை. எமக்கோ அது கண்முன்னே நின்றது. இயற்றியவன் கண்ணுக்குக் குறை தோன்றாது என்பதை அன்று உணர்ந்தோம். நெம்புகோலுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டிய பின்னர் அச்சிறுவன் விடவில்லை.

இனிப் பெரியவர் வினாவுக்கு வருவாம். மாதச் சம்பளம் உண்டு. ஆயின் உறுதி இல்லை. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் இத்தொழிலிற் பல்லாயிரவர் வேலையிழந்தனர்; மைக்ரோசாப்ட் நிறுவனம் மட்டும் 2024 ஜனவரியில் 1,900 பேரை நீக்கியது. சிறு குழுவினர் இயற்றும் விளையாட்டுக்களுட் பல, செலவையும் மீட்பதில்லை. சூதாட்டமோ என்று அவர் அஞ்சியதற்கு மட்டும் அச்சம் வேண்டா. பணம் கட்டியாடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் விலக்கியது, யாம் கூறும் தொழில் அதனின் வேறு.

இவற்றை மறையாது அவரிடம் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "கரிக்களத்திலும் உறுதி இல்லை தம்பி, ஒப்பந்தம் முடிந்தால் நாளைக்கு நான் வெளியே. அடுத்த சித்திரைவரை பார்க்கட்டும். அதுவரை வாரம் மூன்று நாள் கண்டெய்னர் கிடங்கில் கணக்கு எழுதட்டும்" என்றார். தோழர் இசைந்தார். கேட் விளையாட்டை இணைத்துப் பெங்களூருக்குப் பிழை தேர்வோர் பணி வேண்டி விண்ணப்பம் அனுப்பியுள்ளார். தந்தையாரும் அதனை ஒருநாள் ஆடிப் பார்த்தார். கரிவண்டியை நிறுத்திவிட்டுப் பயணிகள் வண்டியையே எப்போதும் முன்னே விட்டார்.