ஒரு வீரரின் விலையும் அவரது கிராமத்தின் பங்கும்

ஐரோப்பியக் கழகங்களில் ஆடுகின்ற ஆபிரிக்க உதைபந்தாட்ட வீரர்களின் வெற்றிக் கதைகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். வறுமையில் பிறந்த சிறுவன் ஒருவன் தன் கால்களின் வல்லமையால் செல்வந்தனானான் என்பதோடு அக்கதைகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. ஆனால், அவ்வீரரின் பெயரில் கைமாறுகின்ற பணம் யாரைச் சென்றடைகின்றது, அவரை ஈன்ற மண்ணுக்கு அதில் என்ன மிஞ்சுகின்றது என்ற கேள்விகள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. செனகல் நாட்டின் சாடியோ மானே கடந்து வந்த பாதை இக்கேள்விகளுக்கு விடை காண உதவுகின்றது.

1992 ஆம் ஆண்டு செனகலின் தென்பகுதியிலுள்ள பம்பாலி என்னும் சிற்றூரில் மானே பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தை நோயுற்று இறந்தார். அன்று அவ்வூரில் ஒரு வைத்தியசாலை இருக்கவில்லை. 2002 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் செனகல் அணி அப்போதைய உலகச் சம்பியனான பிரான்ஸை 1-0 என வென்றபோது மானேக்கு வயது 10. அந்தத் தலைமுறைச் சிறுவர்களின் கனவுகளுக்கு அவ்வெற்றியே வித்திட்டது எனலாம். படிப்பையே விரும்பிய குடும்பத்தாருக்குத் தெரியாமல் தலைநகர் டக்காருக்குப் புறப்பட்ட அவர், பின்னர் அங்குள்ள ஜெனரேஷன் ஃபூட் பயிற்சிக் கழகத்தில் இணைந்தார். பிரான்ஸின் மெட்ஸ் கழகத்துடன் உடன்பாடு கொண்டிருந்த அப்பயிற்சிக் கழகமே அவருக்கு ஐரோப்பாவின் கதவைத் திறந்தது.

மானே ஓர் ஓரக்கள முன்கள வீரர். பக்கக்கோட்டையொட்டி விரைந்து, எதிரணியின் காவல் வீரரைத் தனியொருவராகக் கடந்து, கோல் வாயிலை நோக்கிப் பந்தைக் கொண்டுசெல்வதே இத்தகைய வீரரின் பணி. வலது காலால் உதைப்பவர் இடது ஓரத்தில் ஆடும்போது உட்புறமாகத் திரும்பித் தாமே கோலை நோக்கி உதைக்க முடிகின்றது. 2017 இல் மொஹமட் சலா லிவர்பூலுக்கு வந்து வலது ஓரத்தை ஏற்றபோது, மானே இடது ஓரத்துக்கு மாறி இம்முறையில் சிறந்து விளங்கினார். எனினும் ஓரக்கள வீரரின் முதன்மையான மூலதனம் வேகம். அது முப்பது வயதைக் கடக்கையில் குறையத் தொடங்கும். ஆதலால் இவர்களது சந்தைக் காலம் குறுகியது. கழகங்களும் இவர்களை இளவயதிலேயே தேடிப்பிடிக்கின்றன.

சந்தை அவருக்கு இட்ட விலைகளை நோக்குவோம். 2012 இல் மெட்ஸ் கழகத்திடமிருந்து சுமார் 4 மில்லியன் யூரோவுக்கு ஒஸ்ரியாவின் சால்ஸ்பேர்க் கழகம் அவரைப் பெற்றது. 2014 இல் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டன் கழகம் 11.8 மில்லியன் ஸ்ரேலிங் பவுண்கள் கொடுத்தது. அங்கு 2015 மே மாதத்தில் அஸ்டன் வில்லா அணிக்கெதிராக 176 விநாடிகளில் 3 கோல்களைப் புகுத்திப் பிரீமியர் லீக் சாதனை படைத்தார். 2016 இல் லிவர்பூல் கழகம் செலுத்திய தொகையோ சுமார் 34 மில்லியன் பவுண்கள். இரண்டே ஆண்டுகளில் அவரது விலை ஏறத்தாழ மூன்று மடங்காகியது.

வீரரைப் பயிற்றுவித்த கழகங்களுக்கென ஒரு விதி உண்டு. ஒரு வீரர் கழகம் மாறும்போது செலுத்தப்படும் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயதுக்கும் 23 வயதுக்கும் இடையில் அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஏற்பாடாகும். 16 வயது முதல் ஒவ்வோர் ஆண்டுப் பயிற்சிக்கும் அரைச் சதவீதம் உரியது. அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு அதிற் பாதி. ஆனால், 2020 ஜூலை வரை இவ்விதி இரு நாடுகளுக்கிடையிலான மாற்றங்களுக்கே பொருந்தியது. சவுத்ஹாம்ப்டனும் லிவர்பூலும் ஒரே நாட்டுக் கழகங்கள். ஆகவே, 2016 இன் அந்தப் பெருந்தொகையில் செனகல் பயிற்சிக் கழகத்துக்கு ஒரு சதமேனும் கொடுக்க வேண்டிய கடப்பாடு இருக்கவில்லை. அரைச் சதவீதம் என்றாலே ஓராண்டுப் பயிற்சிக்கு 1 இலட்சத்து 70 ஆயிரம் பவுண்கள் வந்திருக்கும். 2020 இல் இக்குறை திருத்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இன்றும் அப்பங்கு முறைப்படி பதிவு செய்யப்பட்ட கழகங்களையே சேரும். சிறுவன் முதன்முதலாகப் பந்தை உதைத்த கிராமத்து மணல்வெளிக்கு எந்த விதியிலும் இடமில்லை.

லிவர்பூலுக்காக 269 ஆட்டங்களில் 120 கோல்களைப் பெற்ற மானே, 2019 இல் ஐரோப்பியச் சம்பியன்ஸ் லீக் கிண்ணத்தையும் 2020 இல் பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்ற அணியில் இடம்பெற்றார். 2022 பெப்ரவரியில் எகிப்துக்கெதிரான ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டத்தின் தொடக்கத்தில் தண்ட உதையைத் தவறவிட்ட அவரே, வெற்றியைத் தீர்மானித்த இறுதித் தண்ட உதையைக் கோலாக்கினார். செனகலுக்கு அதுவே முதலாவது ஆபிரிக்கக் கிண்ணம். அதே ஆண்டு ஜேர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்துக்கும், 2023 இல் சவூதி அரேபியாவின் அல் நாசர் கழகத்துக்கும் அவர் சென்றார்.

விதிகள் கொடுக்கத் தவறியதை அவர் தம் கையாலேயே கொடுத்தார். பம்பாலியில் ஒரு பாடசாலைக்கு நிதியளித்தார். 2021 இல் சுமார் 5 இலட்சம் பவுண்கள் செலவில் அவரது கொடையாலான வைத்தியசாலை அங்கு திறக்கப்பட்டது. தந்தையை இழந்த மகன் எழுப்பிய அக்கட்டடம் போற்றுதற்குரியது. ஆனால், ஒரு சிற்றூருக்கு வைத்தியசாலை கிடைப்பதற்கு அவ்வூரில் உலகப் புகழ் பெற்ற வீரர் ஒருவர் பிறக்க வேண்டும் என்ற நிலை போற்றுதற்குரியதன்று. அத்தகைய வீரர் எவரும் பிறவாத ஊர்களிலும் நோயாளர் இருக்கின்றனர். கட்டடத்தை ஒருவர் கொடுத்துவிடலாம். வைத்தியரையும் தாதியரையும் மருந்தையும் நாள்தோறும் அங்கு கிடைக்கச் செய்வது அரசின் பொறுப்பு. இத்திட்டத்துக்கு அரசின் துணையை நாடி, அன்றைய ஜனாதிபதி மக்கி சாலை மானே சந்தித்தமையும் இதனையே உணர்த்துகின்றது.

வீரரின் ஈகையைப் பாராட்டும் அதேவேளை, அந்த ஈகைக்குப் பின்னால் அரசுகளும் சம்மேளனங்களும் தத்தம் கடமையை மறைத்துக்கொள்ள நாம் இடமளிக்கலாகாது. ஓரக்கள வீரரின் வேகம் ஒருநாள் குறையும். சந்தையும் அவரை மறக்கும். அதன் பின்னரும் பம்பாலியில் நோயாளர் இருப்பர். அவர்களுக்குத் துணை நிற்க வேண்டியது ஒரு தனிமனிதரின் நல்ல மனம் மட்டுமன்று. தவறாது நடைமுறைப்படுத்தப்படும் விதியும் தன் கடமையை உணர்ந்த அரசுமேயாகும்.